எண் ஒன்பது இன்னும் கழிக்கவில்லை

ஆகஸ்ட் 2, இரவு 11.40

என் கார்ன் பாம்பின் நான்காம் முட்டையில் கீறல். தோல் போன்ற ஓட்டில் பிளேடால் இழுத்த மாதிரி மூன்று கோடுகள், ஓரத்தில் கொழகொழவென்று நீர். மூக்கு நுனி தெரிகிறது. மூடியைத் திறக்க மாட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும். திறக்கவே மாட்டேன்.

ஆகஸ்ட் 3

ஆறு தலைகள் வெளியே வந்துவிட்டன. மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்து முடிக்கும்வரை இப்படியே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள். பொறுக்காமல் வெளியே இழுத்தால் கொப்பூழ் கிழிந்துவிடும். எனக்குப் பொறுக்கத் தெரியாது என்பது வீட்டுக்கே தெரியும்.

முட்டைப் பெட்டிக்குள் சூடு 28.2 டிகிரி. பகலில் ஒன்பது முறை பார்த்தேன், ஒன்பது முறையும் 28.2.

ஆகஸ்ட் 4

எட்டு வெளியே வந்து ஊர்கின்றன. கார்ன் பாம்புக் குட்டி என்றால் பென்சிலைவிடக் கொஞ்சம் நீளம், பென்சிலைவிட மெலிவு. எல்லாம் ஆரஞ்சும் பழுப்புமாக ஈரத்தில் பளபளக்கின்றன.

மூன்றாம் எண் குட்டி சுருண்டு கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நகர்ந்த பிறகும் சுருள் விரியவில்லை. நடு உடலில் இரண்டு இடத்தில் முதுகெலும்பு மடிந்திருக்கிறது. விரலால் தடவினால் மேடு தட்டுகிறது.

ஏழாம் எண்ணுக்கு இடது கண் இல்லை. குழிகூட இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் செதில் ஒழுங்காக மூடியிருக்கிறது, அங்கே எதுவுமே இருந்திருக்க வேண்டியதில்லை என்பதுபோல.

33.8.

ஆகஸ்ட் 5

ஒன்பதும் பதினொன்றும் கடைசியாக வந்தன. ஒன்பதுக்கு வால் தொடங்கும் இடத்தில், கழிவுத்துளைக்குச் சற்று முன்னால், ஒரு மடிப்பு. மற்றபடி ஈற்றிலேயே அதுதான் பெரியது, 6.8 கிராம். பதினொன்றின் கீழ்த்தாடை குட்டை, வாய் மூடவில்லை. உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு தெரிந்துகொண்டே இருக்கிறது.

பன்னிரண்டு கீறவே இல்லை. சாயங்காலம் சிறிய கத்தரிக்கோலால் ஓட்டின் மேல்பக்கத்தை நானே வெட்டினேன். முழுதாக வளர்ந்த குட்டி, முறுக்கிய கயிறு மாதிரி இறுகி, இறந்திருந்தது. எப்போது இறந்தது என்று தெரியவில்லை. எண்ணிப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

14 முட்டைகளில் இரண்டு முதல் மாதத்திலேயே மஞ்சளித்துச் சுருங்கின. 11 உயிரோடு இருக்கின்றன. ஏழு குறையில்லாதவை.

ஆகஸ்ட் 7

பதினொன்று போய்விட்டது. இரவிலேயே போயிருக்கும்.

ஆகஸ்ட் 8

அக்கா மகள் வந்தாள். மூன்றைப் பார்த்தவுடன், "இது 'ஞ' மாதிரி இருக்கிறது சித்தி" என்றாள். தாளில் எழுதியும் காட்டினாள். அப்படித்தான் இருக்கிறது. ஒன்பது ஏதாவது எழுத்தா என்று கேட்டேன். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதை யாரோ எழுதத் தொடங்கி அடித்துவிட்டார்கள்" என்றாள். பிறகு தின்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் எண்ணால்தான் சொல்வேன். முட்டையின் மேல்பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண்கள் அவை. இட்ட முட்டையைப் புரட்டக் கூடாது, கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு வளரும், அதற்காகத்தான் எண். கையெழுத்து நடுங்கியிருக்கிறது, அன்று அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்ட் 9

இவற்றின் தாயையும் தந்தையையும் எனக்குக் கொடுத்தவரிடம் இன்று ஒருவழியாகக் கேட்டேன். இரண்டும் ஒரே ஈற்றில் வந்தவையாம். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்கிறார். உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், வலி தெரியாது, எல்லோரும் செய்வதுதான் என்றும் சொன்னார். தெரியாது என்று இவருக்கு எந்தப் பாம்பு சொன்னது?

உண்மையைச் சொன்னால், உடன்பிறப்பு என்று கேட்டதும் முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. அப்படியானால் நான் இல்லை. ஒரு மணி நேரம் அந்த நிம்மதியோடு இருந்தேன்.

ஆகஸ்ட் 12

எல்லாவற்றுக்கும் கண் மங்கியிருக்கிறது. முதல் சட்டை.

ஆகஸ்ட் 14

பத்தும் உரித்துவிட்டன. மூன்று மட்டும் மடிப்பில் சிக்கிக்கொண்டது. ஈரத்துணிக்குள் அரை மணி நேரம் விட்டேன், தானே துணியில் தேய்த்து வெளியே வந்தது. இழுக்கவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன், இழுக்கவில்லை.

ஆகஸ்ட் 15

முதல் உணவு. ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு, உறைந்தது, வெந்நீரில் இளக்கி இடுக்கியில் நீட்டினேன். ஒன்பது பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொண்டது. அந்தப் பாய்ச்சலைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஏழு இரண்டு முறை காற்றைக் கடித்தது. பிறகு நிறுத்திவிட்டு நாக்கை நீட்டி நீட்டி வாசனையைத் தேடி, மெதுவாக வந்து காலைக் கவ்வியது. இடுக்கியைக் கண் இருக்கும் பக்கம் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத்தான் தோன்றவில்லை.

மூன்று தொடவில்லை. எடை 5.6 கிராம்.

ஆகஸ்ட் 18

மூன்றுக்கு எலிக்குஞ்சின் பின்னங்கால் ஒன்றை மட்டும் வெட்டிக் கொடுத்தேன். விழுங்கியது. முதல் மடிப்பில் நின்றது. இருபது நிமிடம். உடம்பு அலையலையாக அசைந்து தள்ளி, நின்று, தள்ளி. இரண்டாவது மடிப்பில் இன்னும் பதினைந்து. கடந்த பிறகுதான் நான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பதே தெரிந்தது.

மற்றவை மலம் கழித்துவிட்டன. ஒன்பது இல்லை.

ஆகஸ்ட் 19

இல்லை.

ஆகஸ்ட் 20

இல்லை. மற்றவற்றுக்கு இன்று உணவு. ஒன்பது கண்ணாடியில் மூக்கை இடித்து இடித்துக் கேட்கிறது. கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 21

வெதுவெதுப்பான நீரில், உடம்பு பாதி நனையும் ஆழத்தில், இருபது நிமிடம் விட்டேன். பிறகு விரல் நுனியால் வயிற்றை வாலை நோக்கித் தடவினேன். ஒரு சொட்டு வெள்ளை வந்தது, சுண்ணாம்பு மாதிரி. அது சிறுநீர்க் கழிவுதான். ஆனாலும் வந்ததே! அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பாம்புக்குப் பால் வார்ப்பதுதான் கேள்விப்பட்டிருக்கிறேன், நீ குளிப்பாட்டிக் கொண்டிருக்கிறாய்" என்றாள்.

ஆகஸ்ட் 23

தூக்கம் வரவில்லை, எழுதித்தான் பார்க்கிறேன்.

ஜூன் 19. முட்டை இட்டுப் பதினைந்து நாள். இரவு பத்து மணிக்கு மூடியைத் திறந்தேன். காரணம் எதுவும் இல்லை, பார்க்க வேண்டும் போல் இருந்தது. முட்டைகள் உப்பியிருக்கின்றனவா, வியர்த்திருக்கின்றனவா. மூடும்போது, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பி விளிம்பில் சிக்கி வெளியே வந்திருக்கிறது. அது வெளியே கிடந்து அறையின் குளிரை அளந்துகொண்டிருந்தது, உள்ளே சூடேற்றி நிற்காமல் ஓடியது. காலை ஆறு மணிக்கு உள்ளே 33.8. எட்டு மணி நேரத்தில் எப்போது 30 தாண்டியது, எவ்வளவு நேரம் அங்கே நின்றது, தெரியாது. 28ல் இருக்க வேண்டியவை.

சூடு ஏறினால் முதுகெலும்பு மடியும். நெருங்கிய இரத்தத்தில் இணை சேர்த்தாலும் மடியும். ஈரம் குறைந்தாலும் சொல்கிறார்கள். மூன்றுக்கு எது, ஏழுக்கு எது, ஒன்பதுக்கு எது என்று நான் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறேன். கண் இல்லாதது உடன்பிறப்புக் கணக்கில். மடிப்புகள் என் கணக்கில். பதினொன்றின் தாடையை இரவைப் பொறுத்து மாற்றி மாற்றி எழுதுகிறேன்.

ஏழு நன்றாகத்தானே பிறந்திருக்கின்றன, அதே பெட்டி, அதே இரவு என்று அக்கா சொல்கிறாள். கோடைப் பரீட்சையில் தோற்றவனிடம் பக்கத்து வீட்டுப் பையன் தேறிவிட்டான் என்று சொல்வதுபோல இருக்கிறது.

ஆகஸ்ட் 24

இல்லை. 7.6. எடை ஏறியதற்கு வருத்தப்படுவது இதுவே முதல் முறை.

ஆகஸ்ட் 26

ஒருவர் மூன்றைக் கேட்டார், விலைக்கு. "வித்தியாசமாக இருக்கிறதே, அதனால்தான்." குறையில்லாத ஏழு குட்டிகளையும் ஒவ்வொருவராகக் கேட்டு விசாரித்துக் கொடுப்பேன், குறையுள்ள இந்த மூன்று குட்டிகளும் எங்கும் போகாது, குட்டியும் போடாது. தாயையும் தந்தையையும் வேறு வேறு அறையில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28

மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரே படத்தில் ஒன்பது ஒரு தையல் நூல் மாதிரி இருந்தது. பாம்புக்கு இருநூறுக்கு மேல் முள்ளெலும்புகள். அதன் மடிப்பில் நான்கோ ஐந்தோ ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருக்கின்றன. அதற்கு மேலே குடல் உப்பி நிற்கிறது. ஏழு கிராம் உடம்பில் கத்தி வைக்க இடமில்லை. மிக மெல்லிய குழாயால் மருந்து நீர் ஏற்றிப் பார்த்தார். இரண்டு நாள் பார்ப்போம் என்றார். முடியாவிட்டால் மயக்க ஊசி, பிறகு இன்னொரு ஊசி. உறைபெட்டி கூடாது என்றார், நான் கேட்காமலே.

ஜூன் 19ஐச் சொன்னேன். படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் தேதி போட்டிருக்கவில்லையே" என்றார்.

ஆகஸ்ட் 29

இல்லை. இரண்டு முறை வெதுநீர்.

ஆகஸ்ட் 30

இல்லை. நாக்கை நீட்டுவது குறைந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்தால் முன்பெல்லாம் விரலிடுக்கில் புகுந்து ஓடும். இன்று வைத்த இடத்திலேயே இருந்தது, மணிக்கட்டுச் சூட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு. பாம்புக்கு ஏது கன்னம்.

ஆகஸ்ட் 31

காலை 10.20. இரண்டு ஊசி.

செப்டம்பர் 1

மூன்று: 5.9. ஏழு: 8.1. ஒன்பதின் பெட்டி: 29.0, காலி.

செப்டம்பர் 4

மூன்று இன்று முழு எலிக்குஞ்சு தின்றது, இருப்பதில் மிகச் சிறியதாகப் பார்த்து எடுத்தேன். முதல் மடிப்பில் பதினொரு நிமிடம், இரண்டாவதில் ஆறு. கடிகாரம் வைத்துத்தான் பார்த்தேன்.

செப்டம்பர் 6

குறையில்லாதவற்றில் இரண்டு போய்விட்டன. போகும்போது வாங்கியவரிடம் உடன்பிறப்பு விஷயத்தைச் சொன்னேன். கேட்கவில்லைதான், சொன்னேன்.

செப்டம்பர் 8

மூன்று கழித்துவிட்டது! பழுப்பாக, நடுவில் வெள்ளையோடு, பாடப்புத்தகத்தில் போடலாம். அக்காவைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவளே, "எந்த எண்?" என்றாள்.

செப்டம்பர் 9

ஒன்பதின் பெட்டி: 29.1. சூடேற்றியை அணைக்க வேண்டும்.

செப்டம்பர் 13

மூன்று: 7.0. ஏழு உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நோயோ என்று பயந்து விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். வலது கண் மட்டும் நீலம் பூத்துப் பால் படர்ந்திருக்கிறது. இடது பக்கம் வழக்கம்போலச் செதில். ஈரத்துணி வைத்தாயிற்று. நாளையோ