மகனுக்கு ஸ்டீராய்டு கொடுத்த மாதங்கள்

எங்கள் மகனுக்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் வந்தபோது வயது நான்கு. சிறுநீரில் புரதம் வெளியேறுவதால்தான் கண்ணும் காலும் வீங்குகின்றன என்றார் மருத்துவர். மருந்து பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு என்றதுமே வீட்டுப் பெரியவர்கள் பயந்துவிட்டார்கள். ஆனால் இந்த வயதில் வரும் இந்த நோய், பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த மருந்திலேயே கட்டுப்பட்டுவிடுகிறது.

எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தினமும் 6 வாரம். அப்புறம் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள், இன்னொரு 6 வாரம். காலையில் சாப்பிட்டதும் கொடுத்துவிடுவோம்.

6 வாரம் முடிவதற்கு வெகு முன்பே வீக்கம் வடிந்துவிட்டது. "பிள்ளைக்குத்தான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன்?" என்று கேட்காத உறவினர் இல்லை. நாங்கள் நிறுத்தவில்லை. மருந்து வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அந்தச் சுரப்பி சுரக்கும், உடம்புக்கு வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன் போதாமல் போகும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் மாத்திரையை வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே மருத்துவருக்குப் போன் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

தினமும் காலை முதல் சிறுநீரில், புரதம் இருக்கிறதா என்று காட்டும் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவோம். மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை, பச்சையாக மாறினால் இருக்கிறது. தொடர்ந்து 3 நாள் 3+, அதாவது புரதம் அதிகம் என்று காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு.

உண்மையில் எங்களைப் படுத்தியது பசிதான். சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி சோறு கேட்டு அழுவான். கோபமும் அப்படித்தான், தொட்டதற்கெல்லாம் கத்துவான். மருந்து செய்கிற வேலை இது, குழந்தையை அடிக்காதீர்கள் என்று நர்ஸ் சொன்னது பெரிய உதவி. அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் எல்லாவற்றையும் வீட்டில் எல்லோருமே விட்டோம். வெள்ளரிக்காயும் பொரியும் எப்போதும் கையில் இருக்கும். உப்பிய முகம் மருந்து குறையக் குறைய வற்றியது.

பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டபோது அன்றே மருத்துவரிடம் சொன்னோம். இந்த மருந்து சாப்பிடும் குழந்தைக்கு அம்மை கடுமையாக வரக்கூடும். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளையும் அவர் தள்ளிவைத்தார். ரத்த அழுத்தம் ஒவ்வொரு தடவையும் பார்த்தார்கள்.

இப்போது மாத்திரை இல்லை. சளி, காய்ச்சல் வந்தால் மட்டும் தினமும் ஸ்ட்ரிப் பார்க்கிறோம், பெரும்பாலும் அப்போதுதான் இந்த நோய் திரும்பும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் அவன் ஸ்டீராய்டு சாப்பிட்டவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.