மணிக்குப் பல் தேய்க்கும் படலம்

திண்ணையில் படுத்திருந்த எங்கள் நாய் மணி கொட்டாவி விட்டதும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். "கெண்டைத் தலையைப் போட்டா நாறாம என்னடா செய்யும்?"

காரணம் மீன் இல்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லில் பழுப்பாகக் காரை, ஈறு ஓரமெல்லாம் சிவப்பு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். கெட்டிப்பட்ட காரை தேய்த்தால் போகாதாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். சரி, எடுத்தாயிற்று.

இப்போது தினமும் ராத்திரி விரலில் துணி சுற்றி, பல்லின் வெளிப்பக்கம் மட்டும் தேய்க்கிறேன். நம்ம பேஸ்ட் கூடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. நாய்க்கென்றே கோழி வாசனையில் பேஸ்ட் விற்கிறார்கள். மணிக்கு அது பலகாரம், 42 பல்லையும் காட்டுகிறது.

பூனைக்கு 30தான். அதற்குள் என் கையில் நாலு கீறல்.