உறுமியோடு ஓடும் சீக்குவென்சர்

கோலாலம்பூர், செந்தூல் ஒத்திகையில் உறுமி அண்ணன் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார். டிஜிட்டாக்ட் என்ற என் சீக்குவென்சர், அதாவது பதிந்து வைத்த தாளத்தை வரிசையாக வாசிக்கும் பெட்டி, கடைசிவரை அவரை விடாமல் தொடர்ந்தது. இத்தனை நாள் மடிக்கணினியோடு மல்லுக்கட்டியும் கிடைக்காத இறுக்கம் இது. மனம் நிறைந்துவிட்டது.

மடிக்கணினி மென்பொருளா, தனிக் கருவியா என்ற வழக்கில், வீட்டில் உட்கார்ந்து இசை கட்டுவதற்கு மென்பொருளே போதும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேடை வேறு. உறுமி மேளத்துக்கு மெட்ரோனோம் கிடையாது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் தொடங்கும் அடி, ஆட்டம் சூடேறும்போது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வேக எண்ணை மட்டும் சரிசெய்தால் போதாது; எண் பொருந்தியிருந்தும் அடி தள்ளி விழுந்தால் காதுக்கு நாராசம்.

என் நேரமெல்லாம் போனது, அடியோடு அடியைப் பொருத்தும் இந்த ஒரு வேலையில்தான். டெம்போ திரையில் வலது அம்புக்குறியை அழுத்திப் பிடித்திருக்கும்வரை வேகம் 10 சதவீதம் கூடும், இடதில் குறையும், விட்டதும் பழைய வேகத்துக்கு வந்துவிடும். இயந்திரம் 30 மில்லிவினாடி பின்தங்கியிருந்தால் 0.3 வினாடி பிடித்தால் போதும். அந்த அளவு விரலில் ஊற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வலது பொத்தானைத் தேட வேண்டியிருந்தால் அடிப்படை வேகமே குறைவு என்று பொருள். அப்போது குமிழைத் திருப்பி ஒன்றிரண்டு எண் ஏற்றுகிறேன். தட்டி வேகம் பிடிக்கும் வசதியை விட்டுவிட்டேன். விரல் இம்மி பிசகினாலும் எண் துள்ளுகிறது.

இதே வசதி மென்பொருளிலும் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் கண் திரைக்குப் போய்விடுகிறது. வேகம் ஏறப்போவதை அண்ணனின் மணிக்கட்டும், தோலை உரசும் வளைந்த குச்சியும் காதுக்கு எட்டுமுன்பே காட்டிவிடுகின்றன. அதைப் பார்க்காமல் எந்தக் கருவியை வைத்திருந்தும் பயனில்லை. டிஜிட்டாக்டின் பொத்தான்களைத் தடவியே கண்டுபிடிக்கலாம். என்னைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்தது.

மிஸ்ரத்தில், அதாவது ஏழு எண்ணிக்கைத் தாளத்தில், 7 படித் தடமும் 16 படித் தடமும் சேர்ந்து ஓடினால் 112 படிக்கு ஒருமுறைதான் இரண்டும் முதலடியில் சந்திக்கும். எல்லாத் தடங்களும் ஒருசேர முதலிலிருந்து தொடங்கும் முதன்மை நீளத்தை முடிவிலியாகவும், அடுத்த பேட்டர்னுக்கு (தாள அமைப்புக்கு) மாறும் நீளத்தை 112 ஆகவும் வைத்திருக்கிறேன். மாற்றம் அழகாக விழுகிறது.

மடிக்கணினியை முழுதாகத் தள்ளிவிடவில்லை. டிஜிட்டாக்ட் அனுப்பும் மிடி கடிகாரத்தை (இசைக் கருவிகளை ஒரே வேகத்தில் இணைக்கும் துடிப்பை) பின்பற்றி எதிரொலி மட்டும் தருகிறது. நான் வேகத்தைத் தள்ளும்போதெல்லாம் எதிரொலியின் சுருதி வளைவதுதான் இன்னும் தீராத தொல்லை. எதிரொலியை வேகத்தோடு கட்டாமல் மில்லிவினாடியில் நிறுத்திப் பார்க்கப் போகிறேன்.

மிடி கேபிள்களுக்குக் கோலாலம்பூரின் புடு, ஜாலான் பாசார் பக்கம் போங்கள். ஐந்து முனை பிளக் வாங்கி நீங்களே பற்றவைக்கலாம். 4, 5 முனைகளில் சைகை (சிக்னல்), 2-இல் கவசம், மற்ற இரண்டும் சும்மா. அங்கேயே, அதிர்வை மின் சைகையாக மாற்றும் சில பீசோ வட்டுகளும் வாங்கி வந்தேன். உறுமியில் ஒன்றைப் பொருத்தி, அடிகளின் இடைவெளியை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் அளந்து, கால் நோட்டுக்கு 24 துடிப்பு வீதம் கடிகாரமாக அனுப்ப வேண்டும் என்பது திட்டம். 120 வேகத்தில் துடிப்புக்குத் துடிப்பு ஏறத்தாழ 20.8 மில்லிவினாடி. தோலில் எதையும் ஒட்டக் கூடாது என்று அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட்டார். மர உடலில் ஒட்டித்தான் தொடங்குகிறேன்.