கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும்

கோத்தகிரி லாங்வுட் சோலை, உயர்ந்த மலைகளில் மட்டும் இருக்கும் அடர்ந்த பசுங்காடு. முந்தின நாள் கோடை மழையில் சருகெல்லாம் ஊறிக் கிடந்தது. ஓடையோரம் பாசி படிந்த கல்லில் அந்தப் பறவை வந்து நின்றதும் மூச்சை அடக்கிக்கொண்டேன். சிட்டுக்குருவியளவு உடம்பு, கால் மட்டும் நெட்டை. முதுகும் மார்பும் சிலேட்டு நீலம். ஒரு சருகைப் புரட்டி எதையோ கொத்திக்கொண்டு பக்கவாட்டில் திரும்பியது. விலாவில் செங்கல் நிறம்! நீலகிரிச் சோலைக்கிளியேதான். நாலைந்து நொடியில் புதருக்குள் போய்விட்டது.

“இதையா கிளிங்கிறாங்க?” என்றாள் மகள். மலையாளத்தில் சின்னப் பறவை எதுவானாலும் கிளிதான் என்றேன். 2017இல் சோலைக்கிளிகளுக்கெனத் தனிப் பேரினம் வகுத்தபோது சோலையை வைத்தே ‘சோலிகோலா’ என்று பெயரிட்டார்கள். அறிவியல் பெயரில் நம் சோலை இருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

மறுநாள் இதன் உறவுப் பறவையைத் தேடிக் கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். மேட்டுப்பாளையம், கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பழனி. பொள்ளாச்சிப் பக்கம் பஸ் ஜன்னலில் மலைத்தொடருக்கு நடுவே இடைவெளியாகக் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் காற்று அடித்தது. நாங்கள் பேசிக்கொண்டே கடந்த இந்தச் சமவெளியைத்தான் அந்தக் குருவியால் கடக்க முடியவில்லை. குளிரும் நிழலும் உள்ள உயரத்தை விட்டு அது இறங்காது. கணவாயின் அகலமோ முப்பது நாற்பது கிலோமீட்டர். இரு பக்கத்துப் பறவைகளும் எத்தனையோ லட்சம் ஆண்டுகளாகத் தனித்தனியாகவே வாழ்ந்து இரண்டு இனங்களாகிவிட்டன. முன்பு இரண்டையும் ஒரே இனத்தின் வகைகளாகத்தான் எழுதிவைத்திருந்தார்கள்.

கொடைக்கானல் பாம்பே சோலையில் முதலில் கேட்டது பாட்டுதான். சீழ்க்கை ஏறி இறங்கி, நின்று, மறுபடி வேறு மெட்டில் தொடங்கியது. அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு, வேர்களுக்கிடையே வெண்வயிற்றுச் சோலைக்கிளி தெரிந்தது. அதே நெட்டைக் கால், அதே சிலேட்டு நீலம். விலாவில் மட்டும் செம்மை துளியும் இல்லை. நீலம் அப்படியே விலாவிலும் இறங்க, நடுவயிறு வெள்ளை. கண்ணுக்கு முன்னால் கறுப்பு, அதற்குமேல் நெற்றியோரம் வெளிர்நீலக் கீற்று. “அக்கா தங்கச்சி மாதிரி இருக்குப்பா” என்றாள் மகள்.

கணவாய் இயற்கை போட்ட பிரிவு. இன்று இரு மலைகளிலும் தேயிலையும் நட்டு வளர்த்த சீகை (வாட்டில்) மரமும் கட்டடமும் சோலையைத் துண்டு துண்டாக்கிவிட்டன. சாயங்காலம் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு நடந்தோம். நடுவில் முழுக்கச் சீகைத் தோப்பு. கால்மணி நேரம் ஆனது. வழியில் ஒரு சோலைக்கிளிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.