இரண்டு பக்கமும் ஒன்றாகத் துடிக்க

அப்பாவுக்கு மூன்று ஒயர் பேஸ்மேக்கர் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இதயம் பலவீனமான சிலருக்கு இடது பக்கம் தாமதித்துச் சுருங்கும். இந்த மூன்று ஒயர் கருவியால் இரண்டு பக்கத்தையும் சேர்ந்து துடிக்க வைக்கும் சிகிச்சைதான் சிஆர்டி. ஐரோப்பாவில் 813 பேரிடம் நடந்த கேர்-ஹெச்எஃப் ஆய்வு 2005இல் வந்தது. ஏறக்குறைய சரிபாதிக் குழுக்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 120 பேர் இறந்தார்கள், கருவியும் வைத்தவர்களில் 82 பேர். அந்த வித்தியாசத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எல்லோருக்கும் இது சரிப்படாது. இசிஜியில் கியூஆர்எஸ் அகலம், அதாவது இதயத்தின் கீழறைகளில் மின்துடிப்பு பரவ ஆகும் நேரம், 130 மில்லிசெகண்டுக்குக் குறைவானவர்களிடம் நடந்த எக்கோ-சிஆர்டி ஆய்வை 2013இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கருவியை இயக்கிய குழுவில்தான் சாவு அதிகம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தக் கருவி வைக்கச் சொல்லியிருந்தால் அந்த அகலத்தைக் கேளுங்கள். அப்பாவுக்கு 160. வியாழக்கிழமை அட்மிஷன்.