ஜீரோவைப் பிடிக்க ஒரு சாண் கம்பி

காங் என்கிற ராக் இசைக்குழுவின் 'ஃப்ளையிங் டீபாட்', 'ஏஞ்சல்ஸ் எக்', 'யூ' மூன்று ஆல்பங்களையும் வரிசை மாறிக் கேட்டால் ஜீரோ கைக்குச் சிக்கமாட்டான். முதல் இரண்டும் 1973, மூன்றாவது 1974. மூன்றுக்கும் ஒரே கதை, அவன்தான் நாயகன்.

லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் அவனுக்கு ஒரு தரிசனம் கிடைக்கிறது. காங் கிரகத்துக் குட்டி மாயாவியான பாட் ஹெட் பிக்ஸி ஒருவனைக் கும்பிடத் தொடங்கியவன், ஒரு பூனைக்குத் தன் வறுத்த மீனை நீட்ட, மனசு அங்கே போய்விடுகிறது. பூனை வேஷத்தில் வந்தவள் ஒரு சூனியக்காரி. அவள் மருந்தைக் குடித்தவன் அடுத்த ஆல்பத்தில் விண்வெளியில் மிதந்து காங் கிரகத்துக் கோயிலுக்குப் போகிறான். பூமியில் எல்லாருக்குமாக ஒரு பெரிய இசை விருந்து நடத்தும் பொறுப்பு அங்கே அவன் தலையில் விழுகிறது. 'யூ'வில் விருந்து நடக்கிறது, கூடியவர்களுக்கெல்லாம் நெற்றிக்கண் திறக்கிறது. ஜீரோவுக்கு மட்டும் இல்லை. அந்த நேரம் பார்த்து அவன் பின்பக்கம் கேக் தின்னப் போயிருக்கிறான்.

எனக்கு அவன்மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணம் அந்தத் தவறவிடல்தான். 'யூ'வில் பாட்டு வரிகள் குறைவு, கதையின் பெரும்பகுதியை வாத்தியங்களே சொல்கின்றன. 'தி ஐல் ஆஃப் எவ்ரிவேர்' கேளுங்கள். ஆல்பங்களில் அலை மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிற கிடார், காங்கைத் தொடங்கிய டேவிட் ஆலனின் கிளிஸாண்டோ. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் சிட் பாரட் வாசித்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட வித்தை அது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சர்ச் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிற தம்பிகள் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, 6 முதல் 8 மி.மீ. தடிமனில் வழவழப்பான எஸ்.எஸ். கம்பித் துண்டு போதும், வெல்டிங் பட்டறையில் கேட்டால் கிடைக்கும். முனைகளை அரம் போட்டு மழுக்கிவிடுங்கள். மரை போட்ட கம்பி வேண்டாம், ரம்பம் மாதிரி அறுக்கும். சாதா இரும்பும் வேண்டாம், தந்திக்கு அடியில் ஒலியை வாங்குகிற பிக்கப்பின் காந்தம் இழுத்து 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும்.

ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் இல்லாமல், கழுத்துப் பக்கப் பிக்கப்பில், டோனைப் பாதிக்குக் குறையுங்கள். எதிரொலி தருகிற டிலே 400 முதல் 500 மில்லிசெகண்ட், ஐந்தாறு எதிரொலி, மிக்ஸ் பாதி. அதற்குப் பின்னால் நீளமான ரிவர்ப், பெரிய மண்டபத்தில் கேட்கிற மாதிரி முழக்கம். இடது கை ஈ மைனரைப் பிடித்தபடி இருக்கட்டும். வலது கையால் கம்பியைத் தந்திகளுக்குக் குறுக்கே கிடத்தி, பிக்கப்பைத் தொடாமல், ஃப்ரெட்போர்டு முடிகிற இடத்தில் தந்தியின் நீளவாக்கில் இரண்டு மூன்று செ.மீ. முன்னும் பின்னும் தேயுங்கள். மீட்டவே கூடாது. கம்பியின் எடையே அழுத்தம், கை சும்மா வழிகாட்டினால் போதும். அழுத்தினால் தந்தி ஃப்ரெட்டில் இடித்துக் கடகடக்கும், அந்தச் சத்தத்தை டிலே ஆறு மடங்காக்கிவிடும். ஆரம்பத்தில் எல்லாரும் கெடுப்பது இங்கேதான்.

புதுத் தந்தியின் சுருள் கரகரக்கும். வாசித்துத் தேய்ந்த தந்தியோ தட்டைச் சுருள் தந்தியோ மேல். ஆனால் தேய்ந்தது வேறு, துருப்பிடித்தது வேறு. நம் உப்புக்காற்றில் தந்தி சில வாரத்திலேயே சொரசொரத்துப்போகும், துரு ஏறிய தந்தியில் கம்பி வழுக்காமல் தடுக்கித் தடுக்கிப் போகும். வாசித்து முடித்ததும் தந்தி ஒவ்வொன்றையும் உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். கிடார் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து போட்டு வையுங்கள்.

கோர்டு மாற்றும்போது கம்பி நிற்கக் கூடாது. இடது விரல்கள் மட்டும் மாறட்டும், பழைய கோர்டின் எதிரொலிமேல் புதியது வந்து ஏறும். கடைசியில் கம்பியை மெல்லத் தூக்கிவிட்டு, எதிரொலி தானாக அடங்கும்வரை ஆம்ப்பைத் தொடாதீர்கள்.