உவரி மணலில் படுத்து அகத்தியரைப் பார்க்கலாம்

அகத்தியரைப் பார்க்கப் பொதிகைமலைதான் ஏறவேண்டும் என்றில்லை. பிப்ரவரி அமாவாசையை ஒட்டி, ராத்திரி ஒன்பது மணிவாக்கில் திருநெல்வேலி மாவட்டத்து உவரிக் கடற்கரையில் மல்லாந்து படுத்தால் போதும். தெற்கே கடலுக்கு மேல் 29 டிகிரி உயரத்தில் அகத்திய நட்சத்திரம், அதாவது கேனோபஸ், பளிச்சென்று நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு அதே நட்சத்திரம் 9 டிகிரியைத் தாண்டாது. பாவம்!

எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோவை நினைத்தாலே எரிகிறது. திசையன்விளை வரை பஸ், குறையொன்றுமில்லை. அங்கிருந்து உவரிக்கு 500 ரூபாய் கேட்டார். "வெறும் வண்டியாத் திரும்பணும்லா அண்ணாச்சி" என்றார். மணி ஆறுகூட ஆகவில்லை! 350க்குப் படிந்தது. அதுவும் அநியாயம்தான். நல்லவேளை, ஏறும் முன்பே பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டிருந்தேன். சால்னாவில் மிளகுக் காரம் தூக்கலாக, நாக்கில் அப்படியே நின்றது. அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு நாள் அதையே சாப்பிட்டிருக்கலாம்.

கரையில் ஒரு ஹைமாஸ்ட் லைட் வேறு கண்ணைக் குத்தியது. அதற்கு முதுகைக் காட்டி வெகுதூரம் நடந்தபிறகுதான் வானம் திறந்தது.

அகத்தியருக்கு மேலே, ஏறக்குறைய நேர்கோட்டில், சிரியஸ். வானத்திலேயே பிரகாசமானது அதுதான். ஆனால் அந்த ஜம்பமெல்லாம் பக்கத்தில் இருப்பதால் வந்தது. சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரம் (வெளிச்சம் ஒரு வருஷத்தில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு), அகத்தியர் சுமார் 310. சூரியனைப்போல் சிரியஸ் 25 மடங்குதான் ஒளிவிடுகிறது. அகத்தியரோ 10,000 மடங்குக்கும் மேல். நம்ம நெற்கட்டான்செவல் பூலித்தேவர் பிறந்த காலத்தை ஒட்டிக் கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் உவரிக்கு வந்து சேருகிறது. மூன்று நூற்றாண்டுப் பயணம், ஆட்டோ வாடகை கிடையாது.

உச்சந்தலைக்கு நேர் மேலே திருவாதிரை. நல்ல சிவப்பு, மேற்பரப்பில் வெப்பநிலை 3,500 கெல்வின்தான். கொஞ்சம் தெற்கே இருக்கும் ரைகல் நீலவெள்ளை, 12,000 கெல்வின். சூடு கூடினால் நீலம், குறைந்தால் சிவப்பு. குழாய்த் தண்ணீருக்குப் போட்டிருக்கும் நிறக்குறிக்கு நேர் எதிர். சூடு குறைவு என்று திருவாதிரையை இளக்காரமாக நினைக்கவேண்டாம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாய்ப் பாதை வரை விழுங்கிவிடும்.

திருவாதிரையும் ரைகலும் இருக்கும் நட்சத்திரக் கூட்டம்தான் ஓரியன் வேட்டைக்காரன். அவன் தோளிலுள்ள பெல்லாட்ரிக்ஸ் 250 ஒளியாண்டு, கால் ரைகல் சுமார் 860. ஒன்றுக்கொன்று சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பூமியிலிருந்து பார்க்கிற நமக்குத்தான் ஓர் உருவம்.

சரி, போகிறவர்கள் மார்ச்சுக்குள் போய்விடுங்கள். சித்திரை பிறந்தால் அகத்தியர் முன்னிரவிலேயே தென்மேற்கில் சரியத் தொடங்கிவிடுவார். மே மாதம் ஒன்பது மணிக்குத் தெற்கே தெற்குச் சிலுவை நிற்கும். அதற்கு நான் பைக்கில்தான் போவேன்.